சொன்னது யார்? சொன்னது மெய்யா?

வடகிழக்குப் பருவமழை நாள்களில் விழுப்புரம் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஊர்ப் பெயர்களின் வரிசை ஒன்று வரும். செஞ்சி, செம்மேடு, வல்லம், அவலூர்பேட்டை, வளத்தி, அனந்தபுரம் என்று நீளும் அந்த வரிசையில் ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கும். காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே பெய்த மழையின் அளவு அது. படிக்கிறவர் ஒரு நொடியில் கடந்துவிடுவார். மாவட்ட நிர்வாகம் அப்படிக் கடந்துவிட முடியாது. எந்த ஏரிக்கரைக்கு ஆள் அனுப்புவது, எங்கே பள்ளிக்கு விடுமுறை விடுவது, சங்கராபரணி ஆற்றில் எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்பதையெல்லாம் அந்த எண்களை வைத்துத்தான் கணிக்க வேண்டியிருக்கிறது.

அனந்தபுரத்து எண் சரிதான் என்பதற்கு என்ன உறுதி? இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

வட்டமான கலத்தில் சேர்ந்த மழைநீரை ஓர் ஊழியர் அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்து எழுதிவைத்த காலத்தில், நம்பிக்கை அந்த ஊழியரின் மேல் இருந்தது. இப்போது அந்த வேலை கருவிகளின் கைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாடு முழுவதும் 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 தானியங்கி வானிலை நிலையங்களும் அமைக்க மாநில அரசு திட்டம் வகுத்தது. மத்திய வேளாண் அமைச்சகம் 2023-இல் தொடங்கிய ‘விண்ட்ஸ்’ திட்டமோ வட்டாரத்துக்கு ஒரு வானிலை நிலையம், ஊராட்சிக்கு ஒரு மழைமானி என்ற இலக்கு கொண்டது. இப்படிப் பரவலாக நிறுத்தப்பட்டு, தாம் உணர்ந்ததை வானொலி அலை வழியாகவோ கைப்பேசி கோபுரம் வழியாகவோ ஒரு மையத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் கருவிகளின் கூட்டத்தைத்தான் சென்சார் வலைப்பின்னல் என்கிறோம். காட்டுத்தீ, நிலச்சரிவு, நிலத்தடி நீர், ஆலைப் புகை என்று எதை அளப்பதாக இருந்தாலும் அமைப்பு இதுதான்.

தானியங்கி மழைமானியின் உள்ளே ஒரு புனல், அதன் கீழே ஏற்றப்பலகை போல இருபுறமும் சாயக்கூடிய இரண்டு சிறு குழிக் கலங்கள். ஒரு கலத்தில் 0.2 அல்லது 0.5 மில்லிமீட்டர் மழைக்குரிய நீர் சேர்ந்ததும் அது சாய்ந்து கொட்டும். அடுத்த கலம் புனலுக்கடியில் வந்து நிற்கும். ஒவ்வொரு சாய்விலும் ஒரு காந்தம் சுவிட்சைக் கடந்து போக, ஒரு மின்துடிப்பு பதிவாகும். கருவி எண்ணுவது மழையை அல்ல, சாய்வுகளை. புனலில் வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டாலோ பூச்சி கூடு கட்டினாலோ சாய்வு நின்றுவிடும். அடைமழையில் கலம் சாயும் அந்த அரை நொடியில் விழும் நீர் கணக்கில் சேராது. ஆகவே மழை வலுக்க வலுக்கக் கருவி கொஞ்சம் குறைத்தே சொல்லும். இத்தனைக்கும் கருவி பழுதாகவில்லை, யாரும் அதைத் தொடவுமில்லை.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தச் செய்தியை அனுப்பியது உண்மையிலேயே அனந்தபுரத்துக் கருவிதானா என்பது ஒன்று. அது சொல்லும் எண் மெய்யா என்பது இன்னொன்று. பாதுகாப்பு என்று பொறியாளர்கள் பேசுவது பெரும்பாலும் முதல் கேள்வியைத்தான். வெள்ளத்தில் மூழ்குவதும் தப்புவதும் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

முதல் கேள்விக்கு நல்ல விடைகள் உண்டு. கருவிக்கும் மையத்துக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசிய எண்ணைச் சாவியாக வைத்து, ஒவ்வொரு செய்தியோடும் ஒரு குறுகிய முத்திரையைக் கணக்கிட்டு அனுப்பலாம். வழியில் யாராவது 120 என்பதை 12 ஆக்கினால் முத்திரை பொருந்தாது. நேற்றைய ‘மழை இல்லை’ என்ற செய்தியைப் பிடித்து வைத்திருந்து இன்று மறுபடி அனுப்பும் தந்திரமும் உண்டு. செய்திக்கு வரிசை எண்ணும் நேரமும் சேர்த்து முத்திரையிட்டால் அதுவும் செல்லாது. சிரமம் எல்லாம் மின்சாரத்தில்தான். ஒரு கிலோபிட் செய்தியை 100 மீட்டர் தூரம் அனுப்பச் செலவாகும் ஆற்றலில் ஒரு சிக்கனமான கணிப்பி ஏறத்தாழ 30 லட்சம் கட்டளைகளை நிறைவேற்றிவிடும் என்று பாட்டி, கைசர் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். சின்ன சூரியத் தகட்டை நம்பி வாழும் கருவிக்கு ஒவ்வொரு கூடுதல் பைட்டும் செலவு. அதனால்தான் 2001-இல் பெர்க்லியில் உருவான ‘ஸ்பின்ஸ்’ நெறிமுறையிலிருந்து 2023-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் தேர்ந்தெடுத்த ‘ஆஸ்கான்’ குறியாக்க முறை வரை, குறைந்த மின்சாரத்தில் வலுவான முத்திரை என்பதே ஆய்வாளர்களின் குறியாக இருந்துவந்திருக்கிறது.

முத்திரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மரூச்சி வட்டாரம் சான்று. அங்கே 142 கழிவுநீர் ஏற்று நிலையங்கள் வானொலி வழியே கட்டுப்படுத்தப்பட்டன. அந்த அமைப்பை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர், 2000-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், ஒரு மடிக்கணினியையும் வானொலிக் கருவியையும் காரில் வைத்துக்கொண்டு ஏற்று நிலையங்களுக்குப் பொய்க் கட்டளைகளை அனுப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. கட்டளை எங்கிருந்து வருகிறது என்று நிலையங்கள் கேட்கவே இல்லை.

முத்திரை இருந்தாலும் பயன்படாத நிலையும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ, கன்சாஸ் பகுதிகளில் மழை குறைந்தால் கால்நடை வளர்ப்போருக்கு இழப்பீடு தரும் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மழை குறைந்ததா என்பதை அரசு மழைமானிகளின் கணக்கை வைத்து முடிவு செய்வார்கள். 2016, 2017 ஆண்டுகளில் அந்த மழைமானிகளின் கம்பிகள் அறுக்கப்பட்டன, புனல்கள் அடைக்கப்பட்டன, சில கருவிகளின் மேல் கலப்பையின் வட்டத் தகட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இதைச் செய்த பண்ணையார்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 60 லட்சம் டாலருக்கு மேல் கட்ட இசைந்தார்கள். எந்தச் சாவியையும் அவர்கள் திருடவில்லை. கணினியைத் தொடவே இல்லை. மூடப்பட்ட மழைமானி, தன் சொந்தச் சாவியால் முறைப்படி முத்திரையிட்டு, ‘மழை பூஜ்யம்’ என்று அனுப்பும். முதல் கேள்விக்கு விடை முழுச் சரி. இரண்டாவதற்கு முழுப் பொய். நம் ஊராட்சிகளிலும் பயிர்க் காப்பீட்டுக் கணக்கு மழைமானியை நம்பி நிற்கும் காலத்தில், வேலி இல்லாத ஒரு கருவி எவ்வளவு பெரிய சபலம் என்பதை இப்போதே எண்ணிப் பார்ப்பது நல்லது.

முத்திரையைக் கேள்வி கேட்க முடியாத ஒருவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்புவது என்ற கேள்வி, அனந்தபுரத்துக்கு வடக்கே இருக்கும் செஞ்சிக் கோட்டையின் முன்னால் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. 1690-இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான், மராத்திய மன்னர் ராஜாராம் தங்கியிருந்த செஞ்சியை முற்றுகையிட வந்தார். பிறகு இளவரசர் காம் பக்‌ஷும், சுல்ஃபிகரின் தந்தையும் வசீருமான ஆசத் கானும் வந்து சேர்ந்தார்கள். 1692-இன் இறுதியில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் சுற்றுப்புறத்தை வளைத்துக்கொள்ளவே, முகாமுக்கும் பேரரசருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து அறுந்தது. அந்த மௌனத்தில் ஒரு வதந்தி பிறந்தது: ஔரங்கசீப் இறந்துவிட்டார். காம் பக்‌ஷ் கோட்டைக்குள் இருந்த ராஜாராமோடு ரகசியமாகப் பேசத் தொடங்கினார். விஷயம் தெரிந்ததும் தந்தையும் மகனும் இளவரசரையே கைது செய்து, முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். அத்தோடு ஐயம் தீரவில்லை. முற்றுகை மீண்டும் தொடங்கி 1698 தொடக்கம் வரை இழுத்தபோது, சுல்ஃபிகரே எதிரியோடு உள்ளுக்குள் இணக்கமாக இருக்கிறார் என்ற பேச்சு எழுந்தது. கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, தப்பிப் போயிருந்தார்.

காம் பக்‌ஷ் பேரரசரின் மகன் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவருடைய முத்திரை உண்மையான முத்திரை. மாறிப்போனது அவருடைய நோக்கம். சென்சார் வலைப்பின்னலில் மிகக் கடினமான எதிரி இப்படிப்பட்டவர்தான். கருவியைக் கழற்றி உள்ளிருக்கும் சாவியைப் படித்துக்கொண்ட ஒருவர், அதன் பிறகு அனுப்புவதெல்லாம் வீட்டாள் அனுப்பியதாகவே தெரியும்.

முற்றுகையிட்டு நிற்கும் தளபதிகளில் சிலர் துரோகிகளாக இருந்தால் மற்றவர்கள் ஒருமித்த முடிவுக்கு வர முடியுமா என்ற இதே கேள்வியை லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் ஆகிய மூவரும் 1982-இல் கணிதமாக்கினார்கள். பைசாந்தியத் தளபதிகள் சிக்கல் என்பது அதன் பெயர். செஞ்சித் தளபதிகள் என்று வைத்திருந்தாலும் குறையொன்றும் இருந்திருக்காது. அவர்கள் கண்ட முடிவு இது: வாய்மொழிச் செய்திகள் மட்டுமே இருந்தால், ஒரு துரோகியைச் சமாளிக்கக் குறைந்தது நால்வர் வேண்டும், இருவரைச் சமாளிக்க எழுவர். மூவர் போதாது.

ஏன் போதாது என்பதைச் செஞ்சியின் மூன்று மலைகளிலேயே பார்க்கலாம். ராஜகிரியிலிருந்து ஆணை கிளம்புகிறது. கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் அதைப் பெற்று, தாம் பெற்றதை ஒன்றுக்கொன்று சொல்லிச் சரிபார்க்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரிக்கு ராஜகிரியிடமிருந்து ‘தாக்கு’ என்று வருகிறது. சந்திரகிரியோ, ‘எனக்கு வந்தது பின்வாங்கு’ என்கிறது. ராஜகிரி இருவருக்கும் இரண்டு விதமாகச் சொன்னதா, சந்திரகிரி கேட்டதைத் திரித்துச் சொல்கிறதா? கிருஷ்ணகிரியில் நிற்பவருக்கு இரண்டு நிலையும் ஒரே மாதிரிதான் தெரியும். நான்காவது ஒரு குன்று இருந்தால் பெரும்பான்மை பிறக்கும். அல்லது ஆணை எழுத்தில், யாரும் போலி செய்ய முடியாத கையெழுத்தோடு வந்தால், திரித்துச் சொல்வது சாத்தியமில்லாமல் போய் மூன்றே போதும். மின்னணு முத்திரையின் பெரிய பயன் இதுதான்: இடையில் கடத்துபவரின் பொய்யை அது ஒழிக்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே செய்தியைக் கேட்டார்கள் என்பதைத்தான் அது உறுதி செய்கிறது. மூலத்திலேயே பொய் இருந்தால், எல்லோரும் ஒருமித்து அந்தப் பொய்யை நம்புவார்கள்.

ஆகவே கருவியின் நடத்தையைத் தொடர்ந்து கவனித்து மதிப்பெண் போடலாம் என்ற எண்ணம் வந்தது. 2004-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சௌரப் கணேரிவாலும் மணி ஸ்ரீவத்ஸவாவும் சென்சார்களுக்கு நற்பெயர்க் கணக்கு ஒன்றை வகுத்தார்கள். அதன் அடிப்படை எளியது. ஒரு கருவி எத்தனை முறை நம்பத்தக்கபடி நடந்தது, எத்தனை முறை தவறியது என்று எண்ணுங்கள். நல்லவற்றோடு ஒன்றைக் கூட்டி, மொத்தத்தோடு இரண்டைக் கூட்டி, வகுத்துவிடுங்கள். புதிதாக வந்த கருவிக்கு இரண்டில் ஒன்று, அதாவது 0.5, நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. எட்டு முறை சரி, இரண்டு முறை தவறு என்றால் பன்னிரண்டில் ஒன்பது, 0.75. பழைய நடத்தையின் எடையைக் காலப்போக்கில் குறைத்துக்கொண்டே வந்தால், அண்மையில் கெட்டுப்போன கருவி சீக்கிரம் அகப்படும்.

அழகான கணக்குதான். மழைமானிக்கு இதை அப்படியே பொருத்தினால் ஆபத்து. அனந்தபுரத்தில் ஆண்டின் பெரும்பாலான நாள்கள் மழையில்லாத நாள்கள். அந்நாள்களில் நல்ல மழைமானி பூஜ்யம் சொல்லும். சருகு அடைத்த மழைமானியும் பூஜ்யம்தான் சொல்லும். வல்லமும் செம்மேடும் பூஜ்யம் சொல்வதால் எல்லாம் ஒத்துப்போகும். மார்ச்சிலிருந்து வாயடைத்துக் கிடக்கும் கருவி, இடையில் மழை பெய்த சில நாள்களில் தவறினாலும், மற்ற நாள்களிலெல்லாம் ‘சரியாக’ நடந்து, நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டு நவம்பர் புயலை எதிர்கொள்ளும். வேண்டுமென்றே ஏமாற்றுகிறவரும் இதையே செய்யலாம்: சாதாரண நாள்களில் ஒழுங்காக நடந்து பெயர் சேர்த்துக்கொண்டு, முக்கியமான ஒரு நாளில் பொய் சொல்வது. 200 நல்ல நாளுக்குப் பிறகு ஒரு பொய் என்றால் மதிப்பெண் 0.99-க்குக் கீழே இறங்காது. ஒன்றும் நிகழாத நாளில் சொன்ன உண்மைக்கு மதிப்பு கிடையாது. மழை பெய்த நாள்களை மட்டும் வைத்துத்தான் மழைமானியை மதிப்பிட வேண்டும்.

அக்கம்பக்கத்தோடோ பழைய கணக்கோடோ ஒத்துப்போகாததைத் தள்ளிவிடலாமா? இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டும் 2024-இல் நடந்தவை.

மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூரில் இருந்த தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் என்றது. நகரின் மற்ற நிலையங்கள் ஏறத்தாழ 45-க்கும் 49-க்கும் இடையில் நின்றன. நாடெங்கும் பரபரப்பானது. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆள் அனுப்பி, அந்தக் கருவிக்குப் பக்கத்திலேயே தரமான கருவியை வைத்துப் பார்த்தபோது, அது சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டுவது தெரிந்தது. தனித்து நின்ற எண் தவறு.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, பல மணி நேரம் நகராமல் நின்றது. மறுநாள் காலை 8.30 மணிக் கணக்கில், செஞ்சிக்குக் கிழக்கே இருக்கும் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர். அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் புதுச்சேரி ஒரே நாளில் கண்ட அதிகபட்சம், 2004 அக்டோபர் 31-இல் பெய்த 21 சென்டிமீட்டர்தான். பழைய உச்சத்தைப் போல இருமடங்குக்கு மேல் வரும் எண்ணைச் சந்தேகித்துத் தள்ளு என்று ஒரு கணினி நிரலுக்குச் சொல்லி வைத்திருந்தால், அது புதுச்சேரியின் இந்த எண்ணைத்தான் முதலில் தூக்கி எறிந்திருக்கும். பழைய கணக்கில் இணையில்லாமல் தனித்து நின்ற எண் மெய்.

இரண்டையும் பிரித்துக் காட்டியது வாக்கெடுப்பு அல்ல. வேறு வகைச் சாட்சிகள். புதுச்சேரி, மயிலம் எண்களுக்குப் பக்கத்து மழைமானிகள் மட்டுமின்றி, வானத்தை வேறு முறையில் பார்க்கும் டாப்ளர் ரேடார்களும், நகராமல் நின்ற மேகத்தைக் காட்டிய செயற்கைக்கோள் படங்களும், கரைபுரண்ட சங்கராபரணியும் சாட்சி சொல்லின. ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரிக் கருவிகள் பத்து ஒத்துப்போவதைவிட, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத முறைகளில் அளந்த மூன்று ஒத்துப்போவது பெரிது. ஒரே மாதிரிக் கருவிகள் ஒரே மாதிரிதான் தவறும்.

அக்கம்பக்கத்துச் சாட்சியும் கெட்டுப்போகக்கூடும் என்பதற்கு அண்டார்டிகாவின் ஓசோன் கதை மறக்கக் கூடாதது. 1980-களின் முற்பாதியில் நாசா செயற்கைக்கோளின் தரவில் 180 டாப்சன் அலகுக்குக் கீழே வந்த ஓசோன் அளவுகள் ‘ஐயத்துக்குரியவை’ என்று தானாகவே குறியிடப்பட்டன. பவன் பார்தியா உள்ளிட்ட நாசா அறிஞர்கள் அவற்றைத் தரைநிலையத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தென்துருவ நிலையம் 300 அலகு என்றது. அந்தத் தரைநிலையத்து அளவே தவறு என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள், ஹாலி விரிகுடாவில் பழைய டாப்சன் கருவியால் ஆண்டுக்கணக்கில் அளந்துவந்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1985-இல் ஓசோன் ஓட்டையை உலகுக்கு அறிவித்துவிட்டார்கள். நாசா செய்த சரியான காரியம் ஒன்று உண்டு: ஐயப்பட்ட எண்களை அழிக்கவில்லை, குறியிட்டு வைத்திருந்தது. அதனால்தான் ஓட்டையின் முழுப் பரப்பையும் செயற்கைக்கோள் படமாகப் பின்னர் காட்ட முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புயல் நாளில் பல கருவிகள் பொய் சொல்வதில்லை, பேசாமல் போகின்றன. மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் மின்கலம் இறங்கும். மின்சாரம் போனால் கைப்பேசி கோபுரமும் ஓயும். எங்கே மழை கொட்டுகிறதோ அங்கேதான் மௌனம் விழும். பட்டியலில் அந்த ஊருக்கு நேரே கோடு போட்டுவிட்டுச் சராசரி எடுத்தால், மிக நனைந்த ஊர்களை விட்டுவிட்டு எடுத்த சராசரியாகிவிடும். செய்தி வராத கருவியை ஆபத்தான கருவியாகவே நடத்த வேண்டும். கடிதம் வராத செஞ்சி முகாமில் என்ன நடந்தது என்பதை மேலே பார்த்தோம்.

ஒரு கருவியை நம்பலாமா என்ற கேள்விக்கு, நிறுவிய அன்றைக்கே ஒருமுறை விடை சொல்லி முடித்துவிட முடியாது. சாவியும் முத்திரையும் கட்டாயம் வேண்டும். அவை இல்லாத வலைப்பின்னலை அமைப்பதே தவறு. அதற்கு மேல், வரும் ஒவ்வொரு எண்ணோடும் அதை எவ்வளவு நம்பலாம் என்ற குறியும் சேர்ந்து வர வேண்டும். ஐயத்துக்குரிய எண்ணை அழிக்காமல் பொதுமக்களுக்கும் காட்ட வேண்டும். பருவமழைக்கு முன் ஒவ்வொரு புனலிலும் அளந்த நீரை ஊற்றிச் சாய்வுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளி மாணவர்களே செய்யக்கூடிய சோதனை இது. அனந்தபுரம், வல்லம், அவலூர்பேட்டை போன்ற ஊர்களில் கையால் அளக்கும் பழைய மழைமானிகளை, தானியங்கி வந்துவிட்டது என்பதற்காக அகற்றிவிடக் கூடாது. மின்கலமும் கோபுரமும் தேவைப்படாமல், தரையிலேயே வேறொரு முறையில் அளக்கும் சாட்சி அவைதான். வட்டாரத்துக்கு ஒன்றையாவது தானியங்கிக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் காலை 8.30-க்கு ஒருவர் போய்ப் பார்த்து எழுதும் வழக்கத்தை அரசு தொடர வேண்டும்.